ஒரு துடிப்பில் இருபது மிளகு

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1997இல். செம்பிட்ட பள்ளிவாசலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கு. கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மரப்படி ஏறினால் மேல்தளத்தில் ஒரு மேஜை, ஒரு 486 கணினி, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மிளகுத் தூசி உள்ளே போகாமலிருக்கக் கணினிக்குப் பழைய வேட்டித் துணியைப் போர்த்தி வைத்திருப்பார்கள். காலையில் அதை எடுத்து உதறினால் அறையில் இருக்கிற நாலு பேரும் வரிசையாகத் தும்முவோம். அன்றைய வேலை அப்படித்தான் தொடங்கும்.

என் வேலை லாட் கணக்கு. எந்த லாரியில் எத்தனை மூட்டை வந்தது, எடை என்ன, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, தூசிக்கு எவ்வளவு கழிவு என்பதையெல்லாம் ஃபாக்ஸ்புரோவில் ஏற்றி வைத்திருந்தோம். ஆண்டுக் கடைசியில் மொத்தம் போட அரை மணி நேரம் ஆகும். திரையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கும். முதலாளி படியேறி வந்து, "ஆச்சா மோனே?" என்பார். பத்து நிமிடத்தில் மறுபடி படிச் சத்தம் கேட்கும். மறுபடி "ஆச்சா?"

எனக்கு மேலே இருந்தவர் கோட்டயத்துக்காரர். இயற்பியல் படித்துவிட்டு நிரல் எழுத வந்தவர். நான் அவரைச் சேட்டன் என்று கூப்பிடுவேன். அவர்தான் ஒருநாள் சொன்னார்: "அந்த மொத்தம் போடுற பகுதியை மட்டும் சியில எழுதிடு. சியை விட வேகமா இந்தப் பிரபஞ்சத்துல எதுவும் போக முடியாது. ஐன்ஸ்டீனே சொல்லியிருக்கார்."

நான் பி.காம். எனக்கு அது விளங்கப் பாதி நாள் ஆயிற்று. விளங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன். இயற்பியலில் ஒளியின் வேகத்துக்கு அடையாளம் சி. நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983இல் இந்த எண்ணை நிலையாக வைத்து, அதிலிருந்துதான் மீட்டரையே வரையறுத்தார்கள். நிரல்மொழியான சி, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அதற்கு முந்திய மொழிக்குப் பி என்று பெயர், அடுத்தது சி, அவ்வளவுதான். இரண்டு சிக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் அன்றைக்கு எங்கள் கைக்கு எட்டிய மொழிகளில் வேகமானது சிதான். எந்தப் பொருளும் மிஞ்ச முடியாத வேகமும் சிதான். உலகம் முழுக்க நிரலாளர்கள் இந்த ஒற்றை எழுத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டாஞ்சேரி வரைக்கும் வந்திருந்தது.

அதற்கு ஒரு வால் உண்டு. அப்படியானால் சி பிளஸ் பிளஸ்? ஒளியை மிஞ்சிவிடுமா? சேட்டன் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அந்த மொழியில் இரண்டு கூட்டல் குறி பின்னால் வந்தால், மதிப்பு ஒன்று கூடும். ஆனால் கேட்ட அந்தக் கணத்தில் கைக்கு வருவது பழைய மதிப்புதான். ஆகையால் ஐன்ஸ்டீனுக்கு ஆபத்தில்லை. இப்படி ஒரு நகைச்சுவையில் இலக்கணமும் இயற்பியலும் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாடப்புத்தகத்தில் மூன்று முறை படித்தும் மனதில் நிற்காத விதி, அன்றைக்கு ஒரே தடவையில் நின்றது.

எழுதினேன். அரை மணி வேலை இரண்டு நிமிடத்துக்கு வந்தது. ஆனால் மொத்தம் தப்பாக வந்தது. சில லாட்டுகளில் எங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் கிலோ ஏறியிருந்தது. எங்கே பிசகு என்று பார்க்க, நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் வரி போட்டு அந்த எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தேன். கணக்கு சரியாக வந்தது. வரியை எடுத்தேன், தப்பு திரும்பி வந்தது. போட்டால் சரி, எடுத்தால் தப்பு. இரவு பதினொன்று வரை இதுதான். கீழே காவல்காரர் கதவைப் பூட்டக் காத்திருந்தார். மறுநாள் சேட்டன் பார்த்துவிட்டு, "இது ஹைசன்பக்" என்றார். அளக்கப் போனால் அளக்கப்படுவதே மாறிவிடும் என்ற ஹைசன்பெர்க்கின் பெயரோடு, நிரல் பிழையைக் குறிக்கும் பக் என்ற சொல்லை ஒட்டவைத்த பெயர். 1985இல் கணினி அறிஞர் ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பது பற்றி எழுதிய ஆய்வறிக்கையில் இதைப் பயன்படுத்தினார். எப்போதும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வரும் ஒழுங்கான பிழைக்கு அதே அறிக்கையில் போர்பக் என்று பெயர், நீல்ஸ் போரின் அணுவைப் போலக் கெட்டியானது என்பதால். என் பிழையின் காரணம் சாதாரணமானது. தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்ட ஒரு மாறி. நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பையை அது எடுத்துக்கொண்டது. பிரிண்ட்எஃப் வந்ததும் குப்பை இடம் மாறியது. பெயர் தெரிந்த பிறகு பயம் போய்விட்டது. நிரலாளர்களின் வேடிக்கைப் பெயர்கள் இந்த வேலையைச் செய்கின்றன என்று அன்றைக்குப் புரிந்தது.

சேட்டனுக்கு இயற்பியலாளர் ஜார்ஜ் சுதர்சனைப் பற்றிப் பேசாமல் ஒரு வாரம் கழியாது. கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்ற ஊரில் 1931இல் பிறந்தவர். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, பிறகு தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1980களில் சென்னை கணித அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். 1962இல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடும் சேர்ந்து, ஒளியைவிட வேகமாகப் போகும் துகள்கள் இருந்தால் சார்பியல் அதைத் தடுக்கிறதா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மெதுவாகப் போகிற பொருளை முடுக்கி ஒளிவேகத்தைத் தாண்டவைக்க முடியாது. ஆனால் பிறவியிலேயே அந்தப் பக்கம் இருக்கும் துகளுக்கு என்ன தடை? அதற்கு டேக்கியான் என்ற பெயர் 1967இல் ஃபைன்பெர்க் வைத்தது. இன்றுவரை யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. இயற்பியல்காரர்களின் மதுக்கடை ஜோக்கைச் சேட்டன் டீக்கடைக்கு மாற்றிச் சொல்வார். "'டேக்கியானுக்கெல்லாம் இங்க சாயா கிடையாது'ன்னு கடைக்காரர் சொல்றார். அப்புறம் ஒரு டேக்கியான் கடைக்குள்ள நுழையுது." காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடுகிறது. ஒளியை மிஞ்சினால் வரும் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

1977இல் சுதர்சனும் பைத்யநாத் மிஸ்ராவும் சொன்ன இன்னொன்றும் எங்களுக்குப் பயன்பட்டது. ஒரு குவாண்டம் நிலையை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்து நிற்கும். குவாண்டம் ஜீனோ விளைவு. முதலாளியின் படிச் சத்தம் கேட்டதும் சேட்டன் என்னைப் பார்த்து "ஜீனோ" என்று மட்டும் சொல்வார். திரையில் அந்தக் கோடு மின்னிக்கொண்டிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜூதத் தெருப் பக்கம் நடப்போம். பரதேசி சினகாக் என்ற யூதத் தொழுகைக்கூடத்தின் மணிக்கூண்டு 1760வாக்கில் எசேக்கியேல் ரஹபி கட்டியது. ஒரு முகத்தில் ரோமன் எண், ஒரு முகத்தில் ஹீப்ரு, ஒரு முகத்தில் மலையாளம். மொழி எதுவானாலும் உள்ளே இருக்கிற யந்திரம் ஒன்றுதான் என்று சேட்டன் அதைக் காட்டித்தான் எனக்குக் கம்பைலர் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தெருவில்தான் இந்திய மிளகு நறுமணப்பொருள் வர்த்தகச் சங்கம். 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகம் நடந்த இடம். வளையத்தில் நின்று கூவி விலை சொல்வார்கள், கைச்சைகையில் முடிப்பார்கள். தெருவில் நின்றாலே இரைச்சல் கேட்கும். ஒரு கூவல் பத்து மீட்டர் கடக்க முப்பது மில்லிநொடி ஆகும். அப்போது அதை நான் கணக்குப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. முந்திக் கூவினவர் முந்தினவர், அவ்வளவே.

அந்தக் காலத்தின் மனநிலையை இப்போது யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மெதுவாக இருப்பது தற்காலிகம் என்று நாங்கள் நம்பினோம். எங்கள் கணினியின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அடுத்த ஆண்டு இரட்டிப்பாகும், அதற்கடுத்த ஆண்டு மறுபடி. நிரல் மந்தமா? காத்திரு, புதுப் பெட்டி வரும். கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார், வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று. அதை விர்த் விதி என்று நியூட்டன் விதி கணக்காகச் சொல்லிச் சிரித்துவிட்டு, நாங்கள் எங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தோம். சியை மிஞ்ச முடியாது என்ற வாக்கியத்தில் எங்களுக்குக் கேட்டது பெருமை மட்டும்தான். அதிலே ஒரு எல்லைக்கல்லும் இருக்கிறது என்பது கேட்கவில்லை.

சென்ற டிசம்பரில் மறுபடி கொச்சங்காடி போனேன். கிடங்கு இருந்த சந்தில் மிளகு வாசனை குறைந்து, காப்பிக் கடை வாசனை கூடியிருக்கிறது. ஜூதத் தெருவில் கூவல் இல்லை. மிளகு முன்பேரம் கணினித் திரைக்குப் போய்ப் பல வருஷமாகிறது. தெரு முழுக்கக் கலைப்பொருள் கடைகளும் சுற்றுலாக்காரர்களும். மணிக்கூண்டு அப்படியே நிற்கிறது.

நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா இன்னும் அதே வீட்டில். கம்பம் பக்கத்திலிருந்து ஏல வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம். நான் அங்கிருந்தபோது தொட்டிலில் கிடந்த பையன் இப்போது நிரலாளர். காக்கநாட்டில் 2004இல் தொடங்கிய இன்ஃபோபார்க்கில் கம்பெனி. வாரத்துக்கு இரண்டு நாள் போனால் போதும், மற்ற நாள் வீட்டு மாடியில்தான் வேலை. அவன் எழுதுவது பைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இப்போது பைத்தான் படிக்கிறார்கள், கேரளத்தில் பத்தாம் வகுப்புக்குள், தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில்.

"மாமா, உங்க காலத்து ஜோக்கு இன்னும் ஓடுது" என்றான். "ஆனா இப்ப அதுல மாட்டிக்கிறது பைத்தான். மலைப்பாம்பு இரை முழுங்குற வேகம்னு சொல்லுவாங்க."

கிண்டலுக்குப் பின்னால் எண் இருக்கிறது. 2020இல் சார்லஸ் லைசர்சன் முதலானோர் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 4,096 கிடைவரிசையும் 4,096 நெடுவரிசையும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்குவது கணக்கு. பைத்தானில் நேரடியாக எழுதினால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். சியில் ஒன்பது நிமிடம். அதே கணினியின் எல்லாக் கருக்களையும், நினைவக அடுக்குகளையும், சிறப்புக் கட்டளைகளையும் அறிந்து பயன்படுத்தினால் 0.41 நொடி. அறுபதாயிரம் மடங்குக்கும் மேல். இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணி நேரத்துக்கும் அரை நொடிக்கும் நடுவில் இருந்தது புதுப் பெட்டி இல்லை, எழுதின விதம். அந்தக் கட்டுரையின் தலைப்பே ஒரு இயற்பியல் ஜோக்தான். 1959இல் ரிச்சர்ட் ஃபெயின்மன், பொருளை அணு அணுவாகச் சிறிதாக்க அடியில் நிறைய இடமிருக்கிறது என்று பேசினார். இவர்கள் மேலே நிறைய இடமிருக்கிறது என்று தலைப்பு வைத்தார்கள். சில்லை இனிச் சுருக்க வழி குறைகிறது, மேலே எழுதப்படும் நிரலில்தான் இடம் என்று அர்த்தம்.

இந்தப் பையனின் தலைமுறைக்குப் புதுப் பெட்டி வந்து காப்பாற்றாது. துடிப்பு வேகம் 2004வாக்கில் மூன்று, நான்கு கிகாஹெர்ட்ஸை எட்டியதும் சூடு தாங்காமல் ஏற்றம் தளர்ந்தது. இருபது ஆண்டுகளில் அதற்கு மேல் போனது சொற்பம். மனசார ஒத்துக்கொள்கிறேன், வேகம் என்பது என்ன என்று எங்களைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சுவரைத் தொட்டவர்கள் இவர்கள்.

அவன் செய்து காட்டியதைச் சொல்கிறேன். அடுக்களையிலிருந்து ஒரு பிடி மிளகு எடுத்து வந்து மேஜையில் ஒட்ட ஒட்ட வரிசையாக அடுக்கினான். பக்கத்தில் ஒரு அளவுகோல். ஒரு மிளகு ஐந்து மில்லிமீட்டர் சுமார், இருபது அடுக்கினால் பத்து சென்டிமீட்டர். "என் லேப்டாப் ஒரு தடவை துடிக்கிறதுக்குள்ள ஒளி இவ்வளவுதான் போகும். மூணு கிகாஹெர்ட்ஸ். உங்க மெஷின் எவ்வளவு?" 66 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டோம். நாலரை மீட்டர். அந்தக் கிடங்கின் மேல்தளத்தில் சன்னலிலிருந்து என் மேஜை வரைக்கும் இருந்த தூரம். எங்கள் காலத்தில் ஒரு துடிப்புக்குள் ஒளி அறையையே கடந்தது. இப்போது இருபது மிளகு. கம்பிக்குள் மின்குறி போவது அதைவிடவும் குறைவு. சில்லின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செய்தி போகும் நேரமே கவலையாகிவிட்டது.

அமெரிக்கக் கடற்படையில் கிரேஸ் ஹாப்பர் இதைத்தான் கம்பியை வெட்டிக் காட்டினார். பதினொன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் ஒரு துண்டு, ஒரு நானோநொடியில் ஒளி போகும் தூரம். செயற்கைக்கோள் வழி செய்தி ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கும் அட்மிரல்களின் கையில் அதைக் கொடுத்து, இங்கேயிருந்து வானத்துக்கு இத்தனை துண்டுகள் என்பார். மிளகை வைத்து அடுக்கியது கொச்சங்காடிக்காரன் செய்யக்கூடியது.

அவன் தினமும் மல்லாடுவதும் தூரத்தோடுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். ஜூதத் தெருவில் ஒரு கூவல் வளையத்தைக் கடந்த நேரத்தில் இழைக்குள் ஒளி ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் போய்விடும். இருந்தும் போதவில்லை. நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டில் இழை போட்டாலும் போய்வர 130 மில்லிநொடிக்குக் குறையாது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதும் இல்லை. எந்த மொழியில் எழுதினாலும் இந்த 130ஐக் குறைக்க முடியாது. "சியை மிஞ்ச முடியாதுன்னு நீங்க சொன்னப்ப அது மொழி மாமா. இப்ப அது நிஜமான சி."

500 மைல் மின்னஞ்சல் கதையை நான் சொல்லத் தொடங்கியதும் அவனே முடித்தான். 1990களில் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகம். 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போகவில்லை என்று புள்ளியியல் துறைத் தலைவர் புகார் சொல்கிறார். நிர்வாகி டிரே ஹாரிஸ் முதலில் நம்பவில்லை. சோதித்தால் உண்மை. மென்பொருள் பதிப்பு மாறியதில், மறுமுனை பதில் சொல்லக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிப்போயிருந்தது. நடைமுறையில் மூன்று மில்லிநொடியில் கைவிட்டது. மூன்று மில்லிநொடியில் ஒளி போகும் தூரம் 558 மைல். 2002இல் ஹாரிஸ் இதை எழுதிய நாளிலிருந்து நிரலாளர்களுக்கு இது புராணக்கதை மாதிரி. நாங்கள் வரைபடத்தை விரித்து, கொச்சங்காடியை நடுவில் வைத்து 900 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டோம். சென்னை, பெங்களூரு, கொழும்பு உள்ளே. ஹைதராபாத் விளிம்பில் தப்பிக்கிறது. மும்பைக்குக் கடிதம் போகாது.

சாயங்காலம் மொட்டை மாடிக்கு அழைத்துப்போனான். மட்டாஞ்சேரியில் மாடிக்கு மாடி புறாக்கூடு. 2017இல் வந்த பறவ படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். புறாவும் நிரலாளர்களின் பழைய ஜோக்தான். 1990 ஏப்ரல் 1ஆம் தேதி, இணையப் பொட்டலங்களைப் புறாவின் காலில் கட்டி அனுப்ப முறைப்படி ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். 2001இல் நார்வேயின் பெர்கனில் லினக்ஸ் குழு ஒன்று உண்மையாகவே செய்து பார்த்தது. ஒன்பது பொட்டலம் அனுப்பியதில் நாலுக்குத்தான் பதில் வந்தது, மிக விரைவான பதிலுக்கும் ஐம்பது நிமிடத்துக்கு மேல். ஆனால் 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு புறா, நினைவகச் சில்லில் 4 கிகாபைட்டைத் தூக்கிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் பறந்து அகன்ற அலைவரிசை இணைப்பைத் தோற்கடித்தது. பறந்து, இறக்கி, ஏற்றி முடித்த இரண்டு மணி ஆறு நிமிடத்தில் கம்பி வழி போயிருந்தது நூற்றுக்கு நாலு பங்கு.

இங்கே மாடிகளில் நடக்கும் போட்டி நேர்மாறு. யார் புறா முதலில் வந்தது என்பதில்லை, யார் புறா வெகுநேரம் இறங்காமல் வானில் நின்றது என்பதுதான். அடுத்த மாடிச் சிறுவர்கள் நாலு பேர் கழுத்தை மல்லாத்திக்கொண்டு நின்றார்கள். கையில் கைபேசிக் கடிகாரம். எங்கள் கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. கீழே மேஜையில் அவனுடைய பைத்தான் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுழற்சியை மட்டும் எடுத்து, உள்ளே சியில் எழுதப்பட்ட நம்பை நூலகத்துக்கு மாற்றியிருந்தான். நாற்பது நிமிடம் ஆனது எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று பார்க்க இறங்கினோம். ஒன்பது நொடி. பாம்பின் வயிற்றுக்குள் அதே பழைய சி.

மேஜையில் மிளகு வரிசையைக் காணவில்லை. அளவுகோல் மட்டும் கிடந்தது. அடுக்களையில் அம்மியில் எதையோ நுணுக்கும் சத்தம்.

"அம்மா, அது ஒரு துடிப்பு!" என்று கத்தினான்.

"ரசத்துக்கு அது போதும்" என்றார் அக்கா.